சம்பந்தி தினத்துக்கு ஒரு படம்

ஜூன் 3, திங்கள்

இன்று உலகச் சைக்கிள் தினம். காலையிலேயே ஒரு சைக்கிள் கடைக்கும், ஒரு எலும்பு டாக்டருக்கும், சம்பந்தமே இல்லாமல் ஒரு நகைக்கடைக்கும் வாழ்த்துப் படம் போட்டு முடித்தேன். நகைக்கடைக்கு என்ன எழுதுவது? ‘வாழ்க்கைச் சக்கரம் தங்கமாய் உருளட்டும்’ என்று எழுதினேன். ஐநூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். இந்த மதுரையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் இதயத்துக்கு வராது.

எங்கள் ஆபீசில் நான், ரெஜினா, ஒரு ஏசி. கடைகளுக்கு முகநூலும் இன்ஸ்டாகிராமும் பார்த்துக்கொள்வது வேலை. எழுத்து என்னுடையது, படம் ரெஜினாவுடையது. சுவரில் பெரிய காலண்டர் ஒன்றில் எல்லாத் தினங்களையும் எழுதி வைத்திருக்கிறோம். டோனட்டுக்கு ஒரு நாள், செல்ஃபிக்கு ஒரு நாள், தலையணைச் சண்டைக்குக்கூட ஒரு நாள். நம்ம ஊரில் எவன் தலையணையால் சண்டை போடுகிறான்? இருந்தாலும் மெத்தைக்கடைக்கு அதை வைத்துத்தான் ஒரு வாரம் ஓட்டினேன்.

மத்தியானம் செவ்வந்தி ஸ்வீட்ஸ் தனுஷ்கோடி அண்ணாச்சி வந்தார். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் புலம்பல்.

“தம்பி, ஜூன் மாசம் ஒரு பய இனிப்பு வாங்க மாட்டேங்கான். பூராப் பயலும் பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டிட்டு வெறுங்கையோட திரியுதான். எனக்கு ஒரு தினம் புடிச்சுக் குடும்.”

“ஜூன்ல இனிப்புக்குன்னு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி.”

“இல்லன்னா உண்டாக்கும். அதுக்குத்தான உம்மகிட்ட வாறேன்.”

பெட்டிக்காரன் பன்னிரண்டு அறைக்குப் பதிலாக ஒன்பது அறை வைத்து டப்பா அடித்துக் கொடுத்துவிட்டானாம். அத்தனையும் குடோனில் கிடக்கிறதாம். அதையும் தள்ளிவிட வேண்டுமாம்.

இந்த டைரியும் அவர் புத்தாண்டுக்குக் கொடுத்ததுதான். ஐந்து மாதமாகக் கேஸ் அடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுத்துக் கிடந்தது. ஊருக்கெல்லாம் எழுதுகிறேனே, எனக்கு நாலு வரி எழுதினால் என்ன என்று எடுத்தேன்.

ஜூன் 5, புதன்

பிடித்துவிட்டேன்!

அம்மாவுக்கு, அப்பாவுக்கு, நண்பனுக்கு, காதலிக்கு எல்லாம் ஏற்கெனவே தினம் போட்டுவிட்டான் வெள்ளைக்காரன். அவன் கைபடாத உறவு எது? எதிர்த்த டீக்கடையில் இதே யோசனையாக நின்றேன். பக்கத்தில் ஒருவர் போன் வந்ததும் கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். “சரிங்க சம்மந்தி. ஆகட்டும் சம்மந்தி. நீங்க சொன்னாச் சரிதான் சம்மந்தி.” போனில் பேசுகிறவருக்கு இவர் நிற்பது தெரியவா போகிறது? ஆனாலும் நின்றார். அட, இதுதானே என்று தோன்றியது.

சம்பந்தி தினம். ஜூன் கடைசி ஞாயிறு. பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன்:

‘ஆனி நடு ஞாயிறு நம் முன்னோர் கொண்டாடிய சம்பந்தி தினம். பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாகத் தட்டேந்தி, ஒன்பது வகைப் பலகாரத்தோடு மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கும் மங்கல மரபு. ஈரம் காயாத உறவுக்கு இனிப்பான ஒரு நாள்.’

ஒன்பது எதற்கு? டப்பாவில் ஒன்பது அறை. ஜோடி எதற்கு? படத்தில் ஜோடி இருந்தது. ரெஜினா இரண்டு படம் கொடுத்தாள். ஒன்றில் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாகக் கணவன் மனைவி. மற்றதில் ஒரு அம்மா தனியாகத் தட்டோடு நின்று சிரிக்கிறாள், நெற்றியில் விபூதி மட்டும். ரெஜினாவுக்கு அதுதான் பிடித்தது. “இந்தச் சிரிப்பப் பாருங்க குரு, எவ்வளவு நெசமா இருக்கு” என்றாள். பூ இல்லை, பொட்டு இல்லை, இனிப்புக்கடைக்கு மங்கலமாக இருக்காது என்று தள்ளிவிட்டேன். வேலையென்றால் வேலை.

ஜூன் 7, வெள்ளி

முதலில் இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் கொடுப்பது போலத்தான் யோசித்திருந்தேன். பெண் வீட்டார் மட்டும் என்று ஆக்கியது அண்ணாச்சி சொல்லித்தான். கடைக்காரர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

வீட்டுக்குத் தண்ணீர் கேன் சொல்ல மறந்துவிட்டேன். பொன்மாரி ஒரு மணி நேரம் திட்டினாள். தங்கச்சி என்று பேருக்குத்தான், வீட்டில் எனக்கு மேலதிகாரி.

ஜூன் 30, ஞாயிறு

டப்பா ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணாச்சி கடை வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும். போன் செய்தார். “தம்பி, நீரு பெரிய ஆளுய்யா” என்றார் மூன்று தடவை.

சாயங்காலம் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை என் முன்னால் நீட்டினாள். அங்கன்வாடி டீச்சர் அனுப்பியதாம். என் படம்தான், என் வரிதான்.

“ஏப்பா குரு, இப்படி ஒரு வழக்கம் இருக்காமே? நம்ம பக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியது என்றால் பெருமைப்படுவாளா, சீ என்பாளா என்று தெரியவில்லை.

“நம்ம பக்கம் இல்லம்மா. வேற பக்கம் இருந்திருக்கு.”

“அதானே பார்த்தேன். நல்ல வழக்கம்தான்” என்று மெச்சிக்கொண்டு போனாள்.

ஜூலை 2, செவ்வாய்

கடைப் பக்கத்துக்கு ஒரு பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள். ‘அண்ணா, இது எந்த ஊர் வழக்கம்? எங்க மாமியார் இதைக் காட்டி எங்க அப்பாவைக் கேட்கச் சொல்றாங்க. பொய்னு நீங்க ஒரு வரி எழுதினா அவங்ககிட்ட காட்டுவேன்.’

அவளுக்கு ஒரு கும்பிடும், ஒரு லட்டுப் படமும் அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது? ஊர்ச் சண்டைக்கெல்லாம் நான் பஞ்சாயத்துப் பண்ண முடியுமா?

பிப்ரவரி 10, திங்கள்

புது வருடம், புது டைரி. இதுவும் அண்ணாச்சி கொடுத்ததுதான். இப்போதுதான் எழுதக் கை ஒழிந்தது.

நேற்றுப் பொன்மாரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயவேல், அருப்புக்கோட்டையில் மில் சூப்பர்வைசர், அலட்டல் இல்லாத ஆள். அவருடைய அம்மாவும் நல்ல மாதிரிதான். ‘ஈரம் காயாத உறவால் இணையும் இரு குடும்பங்கள்’ என்று பத்திரிகையில் போட்டேன். பழைய வரிதான், ஆனால் பொருந்தியது.

அப்பா இல்லாததால் மேலூர்ச் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். அம்மா மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சாமான்கள் பத்திரம், அதான் இங்கே நிற்கிறேன் என்றாள். அங்கே சாமான் எதுவும் இல்லை.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. தண்ணீர் கேன் நானே சொன்னேன்.

மே 27, செவ்வாய்

அண்ணாச்சி இந்த வருடம் பதினைந்தாயிரம் டப்பா அடிக்கிறார், வேண்டுமென்றே ஒன்பது அறை. “ராசியான எண்ணுல்லா” என்கிறார். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, வேன் வாடகைக்காரர், ஒரு கண் ஆஸ்பத்திரி எல்லாருக்கும் சம்பந்தி தின விளம்பரம் வேண்டுமாம். யாரோ ஒரு புண்ணியவான் ‘தலைச் சம்பந்தி’ என்று வேறு கிளப்பிவிட்டிருக்கிறான். தலைத் தீபாவளி மாதிரி, கல்யாணமான முதல் வருடம் விசேஷமாகச் செய்ய வேண்டுமாம். அது நான் எழுதியது இல்லை. இந்த ஒன்று சத்தியமாக நான் எழுதியது இல்லை.

டைரியைப் புரட்டினேன். ஜூன் 29க்கு நேராகச் ‘சம்பந்தி தினம்’ என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறார் அண்ணாச்சி. பொங்கலுக்கும் அதே சிவப்புதான்.

ஜூன் 7, சனி

பொன்மாரி போன் செய்தாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம். குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள் போல.

“அண்ணே, இருபத்தொம்பதாம் தேதி வர்றீகளான்னு அத்தை கேட்டாக.”

“எதுக்கு?”

“எதுக்கா? தலைச் சம்மந்திக்கு. பக்கத்து வீட்டு மருமக வீட்டுல வேன் வச்சு வர்றாகளாம். எங்கத்தை நேரா ஒண்ணும் கேக்கல. ‘ஒங்கப்பா இல்லாத வீடு, முடிஞ்சாச் செய்யட்டும்’னாக. அது கேக்குறத விட மோசமால்ல இருக்கு.”

“சும்மா கேலிக்குச் சொல்லியிருப்பாங்க.”

குழாயை இன்னும் திறந்தாள் போல. தண்ணீர்ச் சத்தம் கூடியது.

“நீ என்கிட்ட வேற ஏதும் சொல்லணுமாண்ணே?”

“வேற என்ன? உடம்பைப் பார்த்துக்கோ” என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். செருப்பு தைத்தேன். அம்மா மேலூருக்குப் போய்ச் சித்தப்பாவைத் தட்டெடுக்க வரச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள்.

“எதுக்கும்மா அவரு? நாம ரெண்டு பேரும் போய்க் கொடுத்துட்டு வருவோம்.”

“நான் எப்படிப்பா தட்டு எடுக்க? ஜோடியாத்தான் எடுக்கணும்னு போட்டிருக்கே. பாரு.” போனைக் காட்டினாள். என் வரிக்கு நேராக அவள் விரல் நின்றது. “தெரியாமச் செஞ்சா அது வேற. தெரிஞ்சுக்கிட்டு நான் போய் முன்னால நின்னு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா?”

அப்பா போய் எட்டு வருடம். இந்த எட்டு வருடத்தில் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவளே ஒதுங்கிக்கொள்வாள். அவள் ஒதுங்குவதற்குப் புதிதாக ஒரு நாளை நான் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறேன். மெத்தைக்கடைக்காரனுக்காகத் தலையணை விற்ற கையால்.

மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். வெயில் என்று சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்தச் சம்பந்தி தினம் இருக்குல்ல...”

“ஆமா, முறுக்கு நானே சுடுறேன். கடை முறுக்கு பல்லுல ஒட்டும், சம்மந்தி மதினிக்குப் பிடிக்காது.”

“இல்லம்மா, அது வந்து...”

“என்னப்பா?”

“எண்ணெய் இருக்கா, வாங்கிட்டு வரவா?”

வாங்கி வந்தேன். இரண்டு லிட்டர்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். போன வருடம் ஜூன் 7க்கு நேராக நான் எழுதி வைத்தது பொய். டைரிக்குக்கூடப் பொய் சொல்கிறவன் நான். அண்ணாச்சி சொன்னது வேறு: “ரெண்டு பக்கமும் குடுக்கட்டுமேய்யா, ரெண்டு டப்பா போகும்லா.” நான்தான் வேண்டாம் என்றேன். “ரெண்டு பக்கமும்னா யாரும் முதல்ல ஆரம்பிக்க மாட்டாங்க அண்ணாச்சி. பொண்ணு வீட்டு மேல வச்சீங்கன்னா பயத்துலயே வாங்குவாங்க.” அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு மூன்று பெண்கள்.

ஜூன் 28, சனி

அம்மா நான்கு மணிக்கே எழுந்துவிட்டாள். முறுக்கு, அதிரசம், ரவா லட்டு; மற்றதெல்லாம் கடையில் வாங்கியது. முழங்கால் வலிக்காகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து சுட்டாள். நான் ஜாரணிக் கரண்டியைக் கழுவிக் கொடுத்தேன், தட்டுகளைத் துடைத்தேன். ஒன்பது தட்டு. எட்டுப் போதாதா என்று கேட்டேன். “மரபுன்னு இருக்கும்போது குறைக்கக் கூடாது” என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

இந்தப் பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்து இருக்கிறது. அதற்குக் கீழேதான் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். தெருவில் ஏற்கெனவே இரண்டு வேன். சித்தி முதல் தட்டை எடுத்தாள், சித்தப்பா வெற்றிலைத் தட்டு. மற்றதை ஜெயவேலும் நானும் எடுத்துக் கொடுக்க நின்றோம். ஜெயவேலின் அம்மா ஆரத்தியோடு வாசலுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்து உண்மையாகவே அன்பாகத்தான் சொன்னார்:

“மதினி, தப்பா எடுத்துக்கிறாதீக. தட்டு உள்ள போனதும் வந்துருங்க. செத்த நேரந்தான்.”

“தெரியும் மதினி, தெரியும்” என்று அம்மா வேனுக்குப் பின்பக்கம் போனாள். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து நின்றாள். அவள் சுட்ட முறுக்கு அவளைத் தாண்டிப் போனது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகப் போகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

என்னால் முடியவில்லை. தட்டை வேனிலேயே வைத்தேன்.

“அத்தை, இப்படி ஒரு வழக்கமே கெடையாது. இது நான் எழுதுனது. போன வருஷம் இனிப்புக்கடைக்காக நான் உண்டாக்குன நாள். ஒம்பதுன்னு எழுதுனதும் நான்தான், ஜோடின்னு எழுதுனதும் நான்தான். எங்கம்மா உள்ள வரட்டும்.”

ஆரத்தித் தட்டோடு அவர் சிரித்தார். தெருவில் நின்ற இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

“நல்லாப் பேசுறீக தம்பி. நீங்க வெளம்பரம் எழுதிருப்பீக, நான் இல்லைங்கல. வழக்கத்த நீங்களா உண்டாக்குனீக? எனக்குக் கல்யாணமான வருஷம் எங்கம்மாவும் அப்பாவும் இதே மாதிரி ஆனி மாசம் ஒம்பது தட்டு கொண்டாந்தாக. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இருந்தது.

சித்தப்பா என் காதுக்குள், “சும்மா இர்றா, பிள்ளை வாழப் போற வீடு” என்றார்.

அப்போது பொன்மாரி படி இறங்கினாள். ஆரத்தியையும் தாண்டி, தட்டுகளையும் தாண்டி வந்தாள். “ஏம்மா, நீ இங்க நில்லு, உன்ன வச்சுத்தான் எடுக்கணும்” என்று அவள் அத்தை கூப்பிட்டது கேட்காத மாதிரி வேனுக்குப் பின்னால் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். அம்மா அவளைப் போ போ என்று தள்ளினாள். அவள் நகரவில்லை. ஆரத்தி யாருக்கும் இல்லாமல் அணைந்தது. அத்தையின் முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் பொன்மாரியிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும்போது அடுப்படியில் அவளைப் பிடித்தேன்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“போன வருஷமே. ‘ஈரம் காயாத’ன்னு உன்னை விட்டா எவன் எழுதுவான்? என் பத்திரிகையிலயும் அதையேதான போட்ட.”

“கேட்டிருக்கலாமே மாரி.”

“நீயாச் சொல்லுவன்னு இருந்தேண்ணே.” பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “இன்னைக்குச் சொன்ன. ஆனா இன்னைக்குச் சொல்லி என்ன, போ. இனிமே இங்க நாந்தான திமிர் புடிச்சவ.”

ஜூலை 1, செவ்வாய்

முழுக் கதையையும் என் சொந்தப் பக்கத்தில் எழுதிப் போட்டேன், தேதியோடு, டப்பா அறைக் கணக்கோடு. முப்பத்தொரு இதயம். நூற்றெட்டுத் திட்டு. ‘உங்களை மாதிரி ஆட்கள்தான் நம் மரபை அழிக்கிறீர்கள்’ என்று ஒருவர். அவர் படத்தில் கையில் செவ்வந்தி டப்பா.

போன வருடம் செய்தி அனுப்பிய பெண்ணைத் தேடி, ‘அது பொய்தான் தங்கச்சி’ என்று எழுதினேன். ஒரு வருடம் கழித்து. படித்ததாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

ரெஜினா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சுவரில் ஜூலைத் தாளை அவளே மாட்டினாள்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதை அங்கன்வாடி டீச்சர் அவளுக்கும் அனுப்பிவிட்டார். இரண்டு நாளாக அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்தவள், இன்று என் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஒம்பது, டப்பாவுக்காகப் போட்டியாக்கும்?”

“ஆமாம்மா.”

“அந்த ஜோடிங்கிறது?”

“படத்துல ரெண்டு பேர் இருந்தாங்கம்மா. படத்துக்குத் தக்க எழுதுனேன். வேணும்னு எழுதல.”

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைக் காலரை நீவிவிட்டாள், பொத்தானைப் பூட்டினாள், மடித்து மற்ற துணிகளின் மேல் வைத்தாள்.

“வேற படம் கெடைக்கலையாப்பா?”

விபூதி நெற்றியோடு தட்டைப் பிடித்துச் சிரித்த அந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“கெடைக்கலம்மா” என்றேன்.